தல்மாருக்குப் போகும் பாதை

இத்ரீஸின் இடது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தாகிவிட்டது. வெட்டியது போக மிச்சமிருந்த துண்டும் அழுகிக்கொண்டிருந்தது. கட்டைப் பிரிக்கும்போது கிளம்பும் வாடை இருக்கிறதே, பச்சைத் தோல் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த எங்கள் தாராவிச் சந்துக்காரர்களையே மூக்கைப் பொத்த வைத்தது. அவன் மட்டும் ஒரு பெல்ட் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு கூரைத் தகரத்தைப் பார்த்தபடி கிடப்பான். கத்தமாட்டான். அவன் கத்தினால் பேச்சுக் கிளம்பும், பேச்சுக் கிளம்பினால் ஒரு நாடு போய்விடும். சும்மா பெரிய வார்த்தை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உண்மையிலேயே ஒரு நாடுதான்.

அந்த நாட்டின் பெயர் தல்மார். கேட்டதே இல்லையே என்பீர்கள். நானும்தான் கேட்டதில்லை. அரபிக்கடலுக்கு அந்தப் பக்கம், கர்ஷா என்கிற பெரிய நாட்டின் பிடியில் மாட்டிக்கொண்ட எல்லையோர மலைப்பிரதேசம் அது. எங்களை விட்டுவிடுங்கள், நாங்கள் தனியாகப் போகிறோம் என்று தல்மார்க்காரர்கள் துப்பாக்கியைத் தூக்கிப் பல வருஷம் ஆகிறது. அவர்களில் யார் பேச்சைக் கேட்டு எல்லாரும் சண்டைக்குப் போவார்களோ, அந்த ஆள்தான் இத்ரீஸ். ஷாகிர் எங்களிடம் சொல்லிவைத்திருந்ததோ, வெளிநாட்டுத் தோல் வியாபாரி, லாரியில் அடிபட்டவர் என்று. நாங்களும் நம்பினோம். ஷாகிர் பொய் சொல்லி நாங்கள் பார்த்ததில்லை.

ஷாகிர் எங்கள் சந்தில் தோல் பட்டறை வைத்திருப்பவன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் ஏர்வாடி. கல்யாணத்துக்கு முன்னால் கர்ஷாவின் துறைமுகத்தில் ஒரு தோல் கிடங்கில் வேலை பார்த்தான். தல்மார்க் கூலிகளோடு பழகி அவர்கள் மொழியும் பேசுவான். ஒருநாள் அங்கே தல்மார்க் கூலிகள் மீது ராணுவம் சுட ஆரம்பித்தது. கறுப்புத் தோல் உள்ளவனையெல்லாம் அன்று கூலி என்றே கணக்கு வைத்துச் சுட்டார்கள். ஒரு தல்மார்க்காரர் ஷாகிரை வீட்டுக்குள் இழுத்துப்போட்டு, உப்புத் தோல் அடுக்குக்குள் படுக்கவைத்து மேலே மேலே தோலை அடுக்கினார். சிப்பாய்கள் கேட்டதற்கு யாருமில்லை என்றார். வாசலிலேயே அவரைச் சுட்டார்கள். அவர் சாக வெகுநேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க ஷாகிர் உப்பு கண்ணில் இறங்க அடியில் கிடந்து அந்த முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவருடைய மகன்தான் இந்த இத்ரீஸ். அப்புறம் அவன் காயத்தோடு பம்பாய் வந்து சேர்ந்தால் ஷாகிர் வேறென்ன செய்வான்?

பட்டறைக்கு மேலே இரும்பு ஏணி வைத்த மாடியறை ஒன்று உண்டு. மாளா என்போம். கீழே தையல் மெஷின்கள் ஓட, மேலே இத்ரீஸைப் படுக்கவைத்தான். கீழே தைத்ததும் தல்மார்ப் படைக்கான சரக்குதான். பூட்ஸும் தோட்டா செருகும் பெல்ட்டும். தைத்தவர்களுக்கு அது தெரியாது.

ஷாகிரின் மனைவி சைனப் அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, முதுகைத் துடைத்துவிட்டு, மலச்சட்டி எடுத்துப்போட்டு எல்லாம் பார்த்தாள். அவள் மொழி அவனுக்கும் அவன் மொழி அவளுக்கும் தெரியாது. ஆனாலும் கொஞ்ச நாளிலேயே லாத்தா, அதாவது அக்கா, என்று அவளைக் கூப்பிடக் கற்றுக்கொண்டுவிட்டான். கஞ்சி, போதும், வலி என்ற சொற்களும் வந்துவிட்டன. அதற்காக அவன் ஒன்றும் பால்குடி இல்லை. கணவாயில் சரணடைந்த கர்ஷா சிப்பாய்களை மண்டியிட வைத்து ஒவ்வொருவனாகப் பிடரியில் சுட்டவன். அதை அவனே ஒருநாள் ஷாகிரிடம் சொன்னான். சைனப் என்ன என்று கேட்டாள். ஷாகிர் மழுப்பாமல் சொல்லிவிட்டான்.

"அவியளுக்கும் உம்மா இருந்திருப்பாள்லா?" என்றாள் சைனப்.

ஷாகிர் அதை மொழிபெயர்த்தான்.  ஆமாம், இருந்திருப்பார்கள் என்று மட்டும் இத்ரீஸ் சொன்னான். அன்றைக்குக் கஞ்சி வேண்டாமென்றுவிட்டான். சைனபும் அன்று அவனை வற்புறுத்தவில்லை. ஆனால் மறுநாள் காலை அவளே ஊட்டினாள்.

மருத்துவம் பார்த்தது டாக்டர் பத்மஜா. மாட்டுங்காவில் பல தலைமுறையாக இருக்கிற பாலக்காட்டுக் குடும்பம். செம்பூர் நர்சிங் ஹோமில் அவள்தான் காலை எடுத்தாள். கர்ஷா ஆட்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், எந்தக் கேள்வியும் கேட்காமல் சாக்கடையைத் தாண்டித் தாண்டி மாளாவுக்கே வர ஆரம்பித்தாள். கட்டுப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒருநாள் ஏணிப்படியில் நின்று சொன்னாள்.

"சீழ் உள்ள போயிண்டே இருக்கு. ரத்தத்துல விஷம் ஏறிடுத்து. மருந்தை மாத்தியிருக்கேன். கேக்கலேன்னா தொடையோட எடுக்கணும், அதை இந்த உடம்பு தாங்குமான்னு நேக்குத் தெரியலை. பிரார்த்தனை பண்றவான்னா பண்ணுங்கோ."

சைனப் அதைக் கேட்டுக்கொண்டாள்.

இனி யஹ்யா. ஊரில் பல் டாக்டராக இருந்தவர், இப்போது தல்மாரின் வெளியுறவு மந்திரி. செம்பூரில் வாடகைக்கு எடுத்த ஃப்ளாட்தான் அவருடைய மந்திராலயம். அதன் கொடி பால்கனியில் துணி காயும் கம்பியில் தொங்கும். சிரிக்க வேண்டாம். அந்த மனிதர் இஸ்திரி போட்ட ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு தேசத்துக்காக எத்தனை வாசலில் நின்று அவமானப்பட்டார் என்பது ஷாகிருக்குத்தான் தெரியும். எந்த நாடும் அவருக்கு நாற்காலி போடவில்லை. கடைசியில் ஒரே ஒரு நாடு கதவைக் கொஞ்சம் திறந்தது. தல்மாருக்குப் பக்கத்து நாடான ஸொலிமா. அதற்குக் கடல் உண்டு, துறைமுகம் உண்டு, மலைக்கு ஏறும் ஒரே பாதையும் அதன் கையில்தான். அந்தப் பாதை திறந்தால் ரொட்டி போகும், மருந்து போகும், துப்பாக்கி போகும். திறக்காவிட்டால் பனி விழும்போது கர்ஷா ராணுவம் மலைமேல் ஏறி ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காமல் முடித்துவிடும்.

ஸொலிமாவின் சார்பில் பேச ஒரு கர்னல் பம்பாய்க்கு வந்திருந்தார். இதய ஆப்பரேஷன் என்று பெயர். இளவயதில் பூனாவில் ராணுவப் பயிற்சி எடுத்தவர், ஆகையால் ஹிந்தி தண்ணீர்பட்ட பாடு. அவர் கேட்டது ஒன்றுதான். இத்ரீஸ் உயிரோடு, தெம்போடு, மலைமேல் படையை நடத்துகிறானா? நடத்துகிறான் என்றார் யஹ்யா. அவன் குரலைக் கேட்கவேண்டும் என்றார் கர்னல்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. மலையிலிருந்து வருவதுபோல நம்பரை மாற்றிக் காட்ட யஹ்யாவிடம் ஆள் இருந்தான். ஷாகிர் மெஷின்களை நிறுத்தி, வேலையாட்களை டீ குடிக்க அனுப்பினான். இத்ரீஸ் காய்ச்சலில் கொதித்தபடி எழுந்து உட்கார்ந்தான். போர்முனையில் சத்தம் வேண்டுமல்லவா? ஷாகிர் பக்கத்துக் கட்டடத்து மொட்டைமாடிக்குப் போய் சிவகாசிச் சரவெடி ஒன்றைக் கொளுத்திப் போட்டான். கிரிக்கெட்டில் இந்தியா ஜெயித்துவிட்டது போல என்று கீழே நாங்கள் கை தட்டினோம். அந்த வெடிச்சத்தத்துக்கு நடுவே இத்ரீஸ் கம்பீரமாகப் பேசினான். பனிக்கு முன் கணவாயைப் பிடித்துவிடுவேன் என்றான். போனை வைத்ததும் அப்படியே சரிந்து வாந்தி எடுத்தான். கர்னல் நம்பிவிட்டார். ஒப்பந்தம் எழுத ஆரம்பித்தார்கள்.

வியாழக்கிழமை சைனப் பள்ளிவாசலின் பின்கதவுக்குப் போனாள். பாங்கு சொல்லும் மோதினார் ஜெயினுலாப்தீன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது உடம்பு ரொம்ப முடியாமல் போனால், வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு மோதினார் பெயரைச் சொல்லி துஆ கேட்கச் சொல்வார். பெயரும் தாயின் பெயரும் சரியாகச் சொல்லவேண்டும் என்பதில் அவர் கறார்.

"பேரு என்னம்மா?"

"இத்ரீஸ். தல்மார் நாடு."

"உம்மா பேரு?"

அதையும் அவள் கேட்டு வைத்திருந்தாள். உம்மா என்று கேட்டதுமே அவனுக்குப் புரிந்துவிட்டதாம். மர்ஜானா என்றானாம்.

மறுநாள் ஜும்மா முடிந்ததும் ஒலிபெருக்கி சந்து பூராவும் கேட்கும்படி முழங்கியது. "நம்ம ஷாகிர் பாய் பட்டறையில தங்கியிருக்க தல்மார் நாட்டு இத்ரீஸ், உம்மா பேரு மர்ஜானா, காலு அழுகி ரொம்பக் கஷ்டப்படுதாவ. அவியளுக்கு அல்லா பூரண சுகம் குடுக்க எல்லாரும் துஆ செய்யுங்க."

சபை முழுக்க ஆமீன் என்றது. வரிசையில் இருந்த ஷாகிர் துஆவைப் பாதியிலேயே விட்டு எழுந்தான். வீட்டுக்கு ஓடிவந்து தண்ணீர்க் குடத்தை எட்டி உதைத்தான். கையை ஓங்கினான். அடிக்கவில்லை.

"யாருட்டயும் சொல்லாதன்னு எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? அறிவு இருக்கா ஒனக்கு?"

"நான் யாருட்ட சொன்னேன் மச்சான்? அல்லாட்டதான் சொன்னேன்" என்று அழுதாள் சைனப். "பேரச் சொல்லாம கேட்டா யாருக்குன்னு குடுப்பான்?"

சைனபைக் குற்றம் சொல்பவர்கள் எங்கள் சந்திலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு உயிர் கண்ணெதிரே போகிறது, டாக்டரம்மாவே வேண்டிக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அவள் வேறு யாரிடம் போவாள்?

ஷாகிரும் கோபம் அடங்கி யோசித்துப் பார்த்தான். தாராவியில் கர்ஷாக்காரன் எவன் இருக்கிறான், தல்மார் என்றால் சோப்பா சீப்பா என்று கேட்பவர்கள்தானே எல்லாரும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். ஒருவர் இருந்தார். பள்ளிவாசலுக்குப் பின்வீட்டு பிச்சையா. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். வாடகைக் கார் ஓட்டுகிறவர். கர்னலுக்குக் கம்பெனி அனுப்பிவைத்த டிரைவர் அவர்தான். தல்மார், இத்ரீஸ் என்ற இரண்டு பெயரும் தினமும் பின்ஸீட்டிலிருந்து அவர் காதில் விழுந்துகொண்டிருந்தன.

திங்கட்கிழமை காரை எடுத்ததுமே பிச்சையா ரொம்பப் பிரியமாக ஹிந்தியில் சொன்னார். சாப், உங்கள் இத்ரீஸ் சாப் கவலைக்கிடம் என்று கேட்டு மனசே சரியில்லை. எங்கள் சந்தில்தான் இருக்கிறாராமே. பள்ளியில் துஆ செய்தார்கள். என் வீட்டுக்காரியும் மாரியம்மன் கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டாள். சீக்கிரம் எழுந்து நடப்பார்.

 என்னை அங்கே கூட்டிப்போ என்றார் கர்னல். பிச்சையா சந்தோஷமாகக் கூட்டிவந்தார்.

ஆப்பிள் கூடையோடு கர்னல் இரும்பு ஏணியில் ஏறினார். இத்ரீஸுக்கு விறைப்பாக சல்யூட் வைத்தார், நெற்றியில் முத்தமிட்டார். பிறகு போர்வையைத் தூக்கிக் காலைப் பார்த்தார். ஆட்டுச்சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார் என்றான் ஷாகிர். மலையில் வெடிச்சத்தம் பிரமாதமாக இருந்தது என்று கர்னல் சொல்ல, இத்ரீஸும் வெட்கத்தோடு சிரித்தான். இவ்வளவு பெரிய தலைவருக்குக் காவல் இல்லாமலா என்று தன் ஆட்கள் இரண்டு பேரை ஏணிக்குக் கீழே நிறுத்திவிட்டுப் போனார். சைனப் அவர்களுக்கும் சாப்பாடு போட்டாள்.

அன்று மாலை செம்பூரில் நடந்ததை யஹ்யாவே பிறகு ஷாகிரிடம் ஒப்பித்தார். அதனால் இது என் ஊகமில்லை.

கர்னல் ஒப்பந்தத்தை மேஜைமேல் விரித்தார். ஸொலிமாவின் எல்லைக்குள்ளும் தல்மாரி பேசும் கிராமங்கள் உண்டு. சுதந்திரம் கிடைத்தபின் அவற்றையும் மீட்பேன் என்று இத்ரீஸ் முன்பு ஒருமுறை கூட்டத்தில் சபதம் செய்திருந்தான். கர்னல் அதை நினைவுபடுத்தினார். "காலோடு இருந்தவரை அவன் எங்களுக்குத் தேவை. அதனால் பொறுத்தோம். இப்போது எதற்குப் பொறுக்கவேண்டும்? இத்ரீஸ் இல்லாத தல்மாருக்குத்தான் பாதை. டாக்டர் என்ன சொல்கிறாள்?"

"பிரார்த்தனை செய்யச் சொல்கிறாள்" என்றார் யஹ்யா.

"அப்படியானால் நாம் எதையும் புதிதாகச் செய்யவில்லை. கொஞ்சம் சீக்கிரமாகச் செய்கிறோம். நீங்கள் ஒன்றுமே செய்யவேண்டாம். அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதும்."

யஹ்யா எழுந்துபோய் பால்கனியில் நின்றார். மலையில் இருக்கிற குழந்தைகளை நினைத்ததாகச் சொன்னார். பொய் என்று நான் சொல்லமாட்டேன். நினைத்திருப்பார். ஆனால் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு போனை அணைத்து மேஜை டிராயருக்குள் வைத்தார். ஷாகிரின் குரலைக் கேட்டால் தாங்கமாட்டோம் என்ற பயமாம்.

மறுநாள் காலை இத்ரீஸுக்கு வியர்த்துக் கொட்டியது. போர்வை தொப்பலாக நனைந்துவிட்டது. சைனப் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. கஞ்சி, கஞ்சி என்று அவனே கேட்டான். இரண்டு கிண்ணம் குடித்தான். டாக்டர் பத்மஜா வந்து கட்டைப் பிரித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"சதை சிவப்பா வந்திருக்கு பாருங்கோ. சீழே இல்லை. இனிமே வெட்ட வேண்டாம். பொழச்சுண்டுட்டான்!"

சைனப் ஏணியடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஷாகிர் யஹ்யாவுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டான். நல்ல சேதியைச் சொல்ல ஒரு மனிதன் அத்தனை முறை போன் போட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் செம்பூருக்கே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினான். வாசலில் மழை கொட்டியது. கொஞ்சம் விடட்டும் என்று கீழே தோல் வெட்டும் மேஜைப் பக்கம் நின்றான்.

காவலாளிகளில் ஒருவன் சைனபிடம் டீ வேண்டும் என்று சைகை காட்டினான். அவள் அடுப்புப் பக்கம் போனாள். மெஷின்கள் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன, தகரத்தில் மழை வேறு. அவர்கள் இருவரும் ஏணி ஏறியதை யாரும் பார்க்கவில்லை. மேலே பலகையில் எதுவோ தொம்மென்று விழுந்தது. பிறகு மறுபடியும். "லாத்தா!" என்று ஒரு அலறல். அந்த மாளாவில் அவன் கத்தியது அதுதான் முதல் தடவை.

ஷாகிர் தோல் சீவும் கத்தியோடு ஏறினான். ஒருவன் இத்ரீஸின் மார்மேல் முழங்காலை ஊன்றி, வாயைப் பொத்திக் கழுத்தில் குத்திக்கொண்டிருந்தான். இத்ரீஸின் கை அவன் கண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. இருந்த ஒற்றைக் காலால் பலகையை உதைத்து உதைத்துத் தள்ளினான். பலகை இடுக்கு வழியே ரத்தம் கீழே சொட்டி, தைத்துக்கொண்டிருந்த பெல்ட்டின்மேல் விழுந்தபோதுதான் கீழே இருந்தவர்கள் மெஷினை நிறுத்தினார்கள். ஷாகிர் கத்தியை வீசினான். குத்தியவனின் முன்கை எலும்பு தெரியப் பிளந்தது. மற்றவன் ஷாகிரின் முகத்தில் பூட்ஸ் காலால் உதைத்தான். மூக்கு உடைந்து, ஷாகிர் ஏணியில் உருண்டு கீழே விழுந்தான். அடுப்பிலிருந்து ஓடிவந்த சைனப் கொதிக்கிற டீயைச் சட்டியோடு இறங்கிவந்தவன் முகத்தில் ஊற்றினாள். அவன் ஊளையிட்டுக்கொண்டே அவள் தலையைச் சுவரில் மோதிவிட்டு ஓடினான். அந்தத் தழும்பு அவள் நெற்றியில் இன்னும் இருக்கிறது.

தெருமுனையில் காரோடு நிறுத்தப்பட்டிருந்தவர் பிச்சையாதான். மருந்து வாங்கப் போகவேண்டும் என்று சொல்லி வரவழைத்திருந்தார்கள். ரத்தக்கையோடு இருவரும் ஏறி, சலோ சலோ என்று கத்தியதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வண்டியை எடுக்கவில்லை. சாவியைப் பிடுங்கி ஜன்னல் வழியே சாக்கடையில் எறிந்தார். பின்னாலிருந்தவன் கத்திப் பிடியால் அவர் மண்டையை உடைத்தான். அடித்த அடியில் ஒரு காது கேட்காமலே போய்விட்டது. ஆனால் அதற்குள் சந்தே திரண்டுவிட்டது. முகம் வெந்தவன் மழைக்குள் ஓடித் தப்பித்தான். முன்கை பிளந்தவனைக் காரிலிருந்து இழுத்துப் போட்டோம். ஆமாம், நானும்தான் அடித்தேன். போலீஸ் வந்து பிடுங்கிக்கொண்டு போகும்வரை அடித்தோம். அதில் எனக்கு வருத்தம் எதுவுமில்லை.

மேலே இத்ரீஸின் தலையைச் சைனப் மடியில் வைத்திருந்தாள். கழுத்தைத் துணியால் அழுத்திப் பிடித்திருந்தாள். துணி நிறைந்து அவள் கை வழியே ஒழுகியது. அவன் உதடு ஏதோ சொன்னது. அது எந்த மொழி என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவள் மடியிலேயே போய்விட்டான்.

கர்னல் மாலை விமானத்தில் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிரேதத்தைச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். பள்ளிவாசல் பின்கட்டில் குளிப்பாட்டும் கல்லில் கிடத்தினோம். அப்போதுதான் யஹ்யா வந்தார், அதே இஸ்திரி போட்ட கோட்டோடு.

ஷாகிர் கட்டுப்போட்ட மூக்கோடு அவரிடம் போனான். எங்கே இருந்தீர்கள் என்று கேட்டான். அந்த மனிதர் மறைக்கவில்லை. சுவரோரம் நின்று, கர்னல் போர்வையைத் தூக்கிப் பார்த்ததில் ஆரம்பித்துத் தான் கையெழுத்துப் போட்டதுவரை எல்லாவற்றையும் தல்மாரி மொழியில் சொல்லிமுடித்தார். ஷாகிர் அவர் தொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். ஒருதரம், இன்னொருதரம். கோட்டுக் காலரில் ரத்தம் இறங்கியது. யஹ்யா கையைத் தூக்கவேயில்லை.

"லாரிகள் எல்லை தாண்டட்டும், அப்புறம் கொன்றுவிடு" என்றார். "இப்போது நான் செத்தால் ஒப்பந்தமும் செத்துவிடும். அவன் எப்படியும் சாகப்போகிறவன், ஷாகிர். செத்துக்கொண்டிருந்தவனைக் கொடுத்து ஒரு ஜனத்தை வாங்கினேன்."

மோதினார் ஷாகிரைப் பிய்த்து இழுத்தார். அவருக்கு அந்த மொழி புரியவில்லை. புரிந்திருந்தாலும் பள்ளிவாசலில் ஒரு கொலையை விட்டிருக்கமாட்டார். இறந்தவருக்கு இங்கே வேறு சொந்தக்காரர் இல்லை, ஊர்க்காரர் இவர்தான், இவரே குளிப்பாட்டட்டும் என்றார்.

ஷாகிர் அதைச் சொன்னதும் யஹ்யா மறுத்தார். போரில் உயிர் விட்ட ஷஹீதைக் குளிப்பாட்டக்கூடாது, ரத்தத்தோடு அடக்குவதுதான் மார்க்கம் என்றார். ஷாகிர் அதையும் மோதினாரிடம் சொன்னான்.

"போர்க்களத்துல செத்தாத்தான் அந்தச் சட்டம்" என்றார் மோதினார். "இந்தப் பிள்ள பாயில படுத்துக் கெடக்கையில கொன்னிருக்கானுவ. இது போரா? கோட்டக் கழத்தச் சொல்லு அவர."

யஹ்யா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டார். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை மோதினார் மொண்டு கொடுக்கக் கொடுக்க, துணிக்கடியில் கைவிட்டுத் தலையிலிருந்து கழுவிவந்தார். கழுத்துப் பிளவில் பஞ்சு வைத்தார். தைத்த மார்பைத் துடைத்தார். வலது பக்கம் முடிந்து இடது பக்கம் வந்தார். தொடையைத் தாண்டி, வெட்டுப்பட்ட காலுக்குக் கை வந்ததும் நின்றுவிட்டது.

அங்கே சீழ் இல்லை, வாடை இல்லை. விளிம்பில் புதுத்தோல் அரும்பி, பிள்ளைகளின் உள்ளங்கால்போல இளஞ்சிவப்பாக இருந்தது. அவர் விரலால் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவினார்.

"இது எப்போது?" என்றார்.

"போனை அணைத்து வைத்தீர்களே, அதற்கு மறுநாள் காலையிலேயே" என்றான் ஷாகிர். "அதைச் சொல்லத்தான் போட்டுக்கொண்டே இருந்தேன். பிழைத்துவிட்டான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள்."

 யஹ்யா ஒரு கையால் கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டார். ஷாகிர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இப்போது அவரை அடிக்கவேண்டும் என்று தோன்றவில்லையாம்.

ஆணியில் தொங்கிய கோட்டுக்குள் போன் அடித்தது. விட்டு விட்டு அடித்தது. தொந்தரவு பொறுக்காமல் மோதினாரே அதை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, யஹ்யாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். மலையிலிருந்து வந்த அழைப்பு. ஒரே கூச்சல், பெண்களின் குலவை, வானத்தை நோக்கிச் சுடும் சத்தம். பாதை திறந்துவிட்டது, முதல் லாரி ஏறி வந்துவிட்டது என்று ஒருவன் கத்தினான். இத்ரீஸிடம் கொடுங்கள், அவன் தாயார் பேசவேண்டுமாம் என்றான்.

 யஹ்யா பதில் சொல்வதற்குள் ஒரு கிழக்குரல் வந்துவிட்டது.

"மகனே, ரொட்டி வந்துவிட்டது. எல்லாரும் உன் பெயரைச் சொல்கிறார்கள். கேட்கிறதா? உன் கால் எப்படி இருக்கிறது?"

யஹ்யாவின் ஈரக்கை இன்னும் அந்தக் காலின்மேல்தான் இருந்தது.

"யஹ்யா பேசுகிறேன், அம்மா" என்றார். "அவன் கால் ஆறிவிட்டது."

அல்லாவுக்கே புகழெல்லாம் என்று அவள் அழ ஆரம்பித்தாள். மோதினார் ஒன்றும் புரியாமல் போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அடுத்த செம்புத் தண்ணீரை மொண்டு நீட்டினார்.